ஸ்டாண்ட்பை சர்வர்: அணைத்து வைப்பதா, ஓடவிடுவதா, தானாக மாறவிடுவதா?

கணக்கு, பில்லிங், ஃபைல்கள், டேட்டாபேஸ் என்று எல்லாமே ஒரே சர்வரில் ஓடும் அலுவலகங்கள் ஏராளம். அதன் மதர்போர்டு ஒரு நாள் போய்விட்டால் அன்றைக்கு வேலை எப்படி நடக்கும்? இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றுக்கும் ஸ்டாண்ட்பை எனப்படும் இரண்டாவது மெஷின் ஒன்று வேண்டும். ஆனால் அதை வைத்திருக்கும் விதத்தில்தான் செலவும் தலைவலியும் பாதுகாப்பும் மாறுகின்றன.

மெஷின் வாங்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்கும்? இதை ஆர்டிஓ என்பார்கள். கடைசியாகப் பதிந்ததில் எவ்வளவு காணாமல் போனால் தாங்கும்? இது ஆர்பிஓ. பதில்களை ஐடி ஆளிடம் கேட்காதீர்கள், கணக்குப் பிரிவிலும் விற்பனையிலும் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேளுங்கள். நேற்று மாலைவரை உள்ளதை மீட்டால் போதும், இன்றையதைப் பேப்பரைப் பார்த்து மறுபடி அடித்துவிடுவோம் என்று அவர்கள் சொன்னால், பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

அப்படிப்பட்ட இடத்துக்குக் கோல்டு ஸ்டாண்ட்பை போதும். அதே திறனுள்ள மெஷினில் ஓஎஸ்ஸும் மென்பொருளும் போட்டு அணைத்து வைப்பது, தேவைப்படும்போது இயக்கி நேற்றைய பேக்கப்பை ஏற்றுவது. செலவு குறைவு, பராமரிப்பும் குறைவு. ஆனால் நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1 டெராபைட் தகவல் 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் முழு வேகத்தில் வந்தாலே இரண்டேகால் மணி நேரம் ஆகும். 100 மெகாபிட் இணைப்பு வழியாக வெளியிலிருந்து இறக்கினால் 22 மணி நேரம். நடைமுறையில் முழு வேகம் கிடைக்காது. தவிர, மாதக்கணக்கில் அணைந்து கிடந்த மெஷினில் அப்டேட்கள் பாக்கி நிற்கும், ஹார்டுவேரோடு கட்டிய லைசென்ஸ் புதிதாக ஆக்டிவேஷன் கேட்கும்.

கோல்டுக்கு இருக்கும் ஒரு பலம் மற்ற இரண்டுக்கும் கிடையாது. அணைந்திருக்கும் மெஷினை, தகவலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தொட முடியாது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது பயனர்களின் லாகினைச் சரிபார்க்கும் சர்வர்கள், ஒன்றைத் தவிர எல்லாம் அழிந்தன. ஒன்றுக்கொன்று நகலாக இருந்ததால் ஒன்று போனால் மற்றது தாங்கும் என்பதுதான் ஏற்பாடு. எல்லாமே ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. கானாவில் இருந்த அந்த ஒன்று மட்டும், மின்வெட்டால் அணைந்திருந்ததால் பிழைத்தது. அதை வைத்துத்தான் மற்றவற்றை மீட்டார்கள்.

அடுத்தது வார்ம் ஸ்டாண்ட்பை. இரண்டாவது மெஷின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், முதலாவதில் நடக்கும் மாற்றங்களை வாங்கிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன், அதாவது மாற்றங்களை உடனுக்குடன் இன்னொரு மெஷினுக்கு நகலெடுக்கும் வசதி, கூடவே வருகிறது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ரெப்ளிகேஷன் அதற்கு முன்பே உண்டு. ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய விர்ச்சுவல் மெஷின்களாக ஓட்டுபவர்களுக்கு, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ரெப்ளிகா 30 விநாடி, 5 நிமிடம், 15 நிமிடம் என்ற இடைவெளிகளில் மாற்றங்களை அனுப்பும். விபத்து நடந்தால் இழப்பு சில விநாடிகளோ சில நிமிடங்களோதான். ஒருவர் உட்கார்ந்து ஸ்டாண்ட்பையை முதன்மை சர்வராக உயர்த்தி, பயனர்களை அதன் பக்கம் திருப்ப வேண்டும். படிகளை வரிசையாக எழுதி ஒத்திகையும் பார்த்திருந்தால் அரை மணிக்குள் முடிகிற வேலை. அந்தக் குறிப்பைப் பேப்பரில் பிரின்ட் எடுத்து வையுங்கள், விழுந்துபோன சர்வருக்குள் இருக்கும் குறிப்பை அப்போது யாராலும் திறக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ரெப்ளிகேஷன் வேறு, பேக்கப் வேறு. ஒருவர் தவறாக ஒரு டேபிளை அழித்தால் அந்த அழிப்பும் சில விநாடிகளில் ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். மைஎஸ்கியூஎல் 5.6-இலும் போஸ்ட்கிரெஸ் 9.4-இலும் மாற்றங்களை வேண்டுமென்றே தாமதமாக ஏற்கும் வசதி வந்தது. ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும் நகல் பலரைக் காப்பாற்றும். ஆனாலும் தனி பேக்கப் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன் டேட்டாபேஸை மட்டும்தான் கொண்டுபோகும். அமைப்புகள் எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைல்கள், பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ், ஸ்கேன் செய்த பில்கள் கிடக்கும் ஃபோல்டர், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் இதிலெல்லாம் எதுவும் போகாது. மாறிய அன்று பில் போடுகிறது, ரிப்போர்ட் வருகிறது, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் ராத்திரி பேக்கப் எடுக்கும் கிரான் புது மெஷினில் இல்லை. அன்றிலிருந்து பேக்கப்பே நடக்காமல் நாட்கள் ஓடும், யாருக்கும் தெரியாது. ஆகவே ஒத்திகையின்போது சர்வர் எழுந்ததா என்று மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. மறுநாள் காலைவரை ஓடவிட்டு, இரவு வேலைகளும் நடந்தனவா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஹாட் ஸ்டாண்ட்பை. முதன்மை விழுந்ததும் ஆள் தலையீடே இல்லாமல் இரண்டாவது பொறுப்பேற்கும், ஐபி முகவரிகூட தானாக நகர்ந்துவிடும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், இரண்டு மெஷின்கள் மட்டும் இருக்கும்போது, எதிரில் இருப்பது செத்துவிட்டதா, நடுவில் கேபிள்தான் போனதா என்று ஒன்றால் தீர்மானிக்க முடியாது. சுவிட்ச் ஒன்று மக்கர் செய்தால் இரண்டுமே தன்னை முதன்மை என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாகப் பதிவுகளை வாங்க ஆரம்பிக்கும். அதை ஒன்றுசேர்ப்பது நரக வேலை. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் கோடுகளைச் சேமிக்கும் பெரிய இணையதளமான கிட்ஹப்பில் 43 விநாடி இணைப்புத் துண்டிப்பு. அதற்குள் தானியங்கி ஏற்பாடு டேட்டாபேஸின் முதன்மையை அமெரிக்காவின் மறுகரைக்கு மாற்றிவிட்டது. இரு பக்கமும் மற்றதிடம் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன, சீராக 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர்களுக்கே இந்த நிலை என்றால், ஐடிக்கு ஒரே ஆள் இருக்கும் அலுவலகம் யோசிக்க வேண்டும்.

ஒரு பதிவுகூட இழக்கக் கூடாது என்று, ஸ்டாண்ட்பையிலும் பதிந்த பிறகே பதிவை முடிக்கும் சிங்க்ரனஸ் முறைக்குப் போனால் இன்னொரு விலை உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரே ஒரு சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை இருந்து அது நின்றுபோனால், முதன்மையிலும் பதிவுகள் காத்துக் கிடக்கும். பாதுகாப்புக்கு வாங்கிய மெஷினே வேலையை நிறுத்திவிடும். சில நிமிட நிறுத்தம்கூட தாங்காத இடத்துக்கு ஹாட் அவசியம்தான். அங்கே, இரண்டில் எது உயிரோடு இருக்கிறது என்று தீர்மானிக்க உதவும் சாட்சியாக மூன்றாவது மெஷினையும் சேர்த்தே வாங்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். ஒரே ராக்கில் இரண்டு சர்வரும் இருந்தால் ஹார்டுவேர் பழுதுக்கு உதவும், தீக்கும் தண்ணீருக்கும் உதவாது. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். வேறு கட்டிடம் இல்லையென்றால் கிளவுடில் சின்ன விர்ச்சுவல் மெஷினாக ஸ்டாண்ட்பையை ஓட்டி, தேவைப்படும் அன்று பெரிதாக்கிக்கொள்ளலாம். அலுவலக இன்டர்நெட் அன்று தாங்குமா என்பதை மட்டும் முன்பே சோதியுங்கள்.

ஆகவே என் தேர்வு இது: வேறு கட்டிடத்தில் வார்ம் ஸ்டாண்ட்பை, மாற்றுவதற்கு மனிதர், கூடவே வாரம் ஒரு முறை எடுத்துக் கழற்றி வைக்கும் நகல். மனிதர் மாற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் ரெப்ளிகேஷனைச் சரிசெய்யப் போன பொறியாளர், ஸ்டாண்ட்பை என்று நினைத்து முதன்மையின் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. இரண்டு சர்வரின் டெர்மினலுக்கும், அதாவது கட்டளைகள் அடிக்கும் திரைக்கும், வெவ்வேறு நிறமும், சட்டென்று வித்தியாசம் தெரிகிற பெயர்களும் வையுங்கள்.

அப்புறம், பழுதான பழைய சர்வர் சரியாகி வந்ததும் அப்படியே இயக்கிவிடாதீர்கள். அது இன்னும் தன்னை முதன்மை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து, ஸ்டாண்ட்பையாகப் புதிதாக அமைத்த பிறகே இணைக்க வேண்டும். இரண்டும் சம திறன் என்றால் பழைய நிலைக்கு அவசரமாகத் திரும்பவும் தேவையில்லை, இடம் மாறியபடியே ஓடட்டும்.