ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு நாள்: கோயோகானில் நான் படித்த ஸ்பானிஷ் வகுப்பு

மெக்சிகோ சிட்டிக்கு வேலைக்கு வந்த மூன்றாவது மாதம். பக்கத்து வீட்டுப் பையனைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். காரில் ஏறிக்கோ என்று சொல்வதாக நினைத்து "ஸூபெலே" என்றேன். அதற்கு 'சத்தத்தைக் கூட்டு' என்றும் அர்த்தமாம்; அவன் ஜன்னல் வழியே கையை விட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டு அங்கேயே நின்றான். நான் சொல்லியிருக்க வேண்டியது "ஸூபெத்தே". அந்த வாரமே வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு நகரின் கோயோகான் பகுதியில், மிகேல் ஆங்ஹெல் தே கெவேதோ மெட்ரோவிலிருந்து நடந்து போகிற தூரம். பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. ஆறு பேர், பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம், 3,000 பெசோ. கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

காரணம் அந்த ஆசிரியை அம்மா. 'ஸுபீர்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு ஒரு நாள் முழுவதையும் கொடுத்தார். 'ஸூபே' என்றால் ஏறு. 'ஸூபெத்தே' என்றால் ஏறிக்கோ. நம் 'கொள்' செய்கிற வேலையை அந்தத் 'தே' கிட்டத்தட்ட அப்படியே செய்கிறது. இது பிடிபட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரியவர்களிடம் 'ஸூபஸே', பலர் இருந்தால் 'ஸூபன்ஸே'. ஏறாதே என்று சொல்லும்போது மட்டும் 'தே' முன்னால் வந்துவிடும்: 'நோ தே ஸூபாஸ்'. இந்த வடிவங்களில் எல்லாம் அழுத்தம் 'ஸூ'வில்தான். அதற்காகத்தான் 'ஸூபெத்தே' என்று எழுதும்போது முதல் உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு போடுகிறார்கள். இதை அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்ல வைத்தார்.

அப்புறம் எங்களைப் பெசேரோ நிறுத்தத்துக்கே கூட்டிப் போனார். பெசேரோ என்பது இங்கே ஓடும் சின்ன பஸ். ஒரு காலத்தில் ஒரு பெசோ கட்டணம் வாங்கியதால் வந்த பெயர். "ஸூபலே, ஸூபலே, ஐ லுகாரேஸ்!" ஏறு ஏறு, இடம் இருக்கு என்று கத்துகிறார்கள். அந்த 'லே'வுக்குத் தனியாக அர்த்தம் தேடாதீர்கள், அது கூப்பிடுகிற வேகம் என்றார். நான் தடுமாறிய 'ஸூபெலே'வுக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். உள்ளே நுழைந்ததும் "ரெகோர்ரான்ஸே", பின்னால் தள்ளிப் போங்க. இறங்க வேண்டியவர் "பாஹான்!" என்று குரல் கொடுக்கிறார். 'இறங்குகிறார்கள்' என்று அர்த்தம். தான் ஒருவர் இறங்குவதற்கே அப்படித்தான் சொல்கிறார். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகவே திரும்பவும் 3,000 பெசோ கொடுப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. கொடுத்த புத்தகம் ஸ்பெயினில் அச்சானது. 'ஸுபீயோஸ்' (பலரிடம் 'ஏறிக்கோங்க') மாதிரி மெக்சிகோவில் யாரும் பேசாத வடிவங்களுக்கு ஒரு காலை முழுக்கப் போய்விட்டது. மாலை வகுப்பில் தெருச் சத்தம் அதிகம், ஜன்னலை மூடினால் புழுக்கம். காலை 9 மணி வகுப்பையே கேட்டு வாங்குங்கள்.

அர்ஜென்டினா போகிறவர்களுக்கு இந்த வகுப்பு சரிப்படாது. அங்கே அதே சொல் 'ஸுபீத்தே' ஆகி, அழுத்தம் நடு அசைக்குப் போய்விடும். அந்த அம்மா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.