24 மணி நேரப் பராமரிப்பு ஏஜென்சி: மூன்று மாத அனுபவம்

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட என் தாயாரைக் கவனித்துக்கொள்ள, தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஓர் ஏஜென்சி மூலம் 24 மணி நேரப் பணியாளரை அமர்த்தினோம். கேட்ட மறுநாளே ஆள் வந்தார். ஆதார் நகலும் காவல்துறைச் சான்றும் உடன் வந்தன. வந்தவரின் வேலையில் குறை சொல்ல ஏதுமில்லை. முந்தைய வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய்க் கஞ்சியை ஊட்டுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாயாரைப் புரட்டிப் படுக்க வைத்ததால் இன்றுவரை படுக்கைப் புண் வரவில்லை.

என் குறையெல்லாம் அந்த மூன்று பக்க ஒப்பந்தத்தைப் பற்றியது. பணியாளர் நின்றுவிட்டால் இரண்டே நாளில் மாற்று ஆள், பொருள் காணாமல் போனால் யார் பொறுப்பு என்று எங்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. அவருடைய வாராந்தர விடுப்பு, இரவுத் தூக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் படிக்காமல்தான் கையெழுத்திட்டேன். இரண்டாம் மாதம் ஒரு காலையில், கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவர் உட்கார்ந்து தூங்கியதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அலுவலகத்துக்குப் பேசியபோது, "முடியலைன்னா வேற ஆள் அனுப்புறோம் மேடம்" என்றார்கள். நாங்கள் கட்டும் 27,000 ரூபாயில் அவர் கைக்குப் போவது 17,000 என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதலே இருக்கிறது. அதில் பதிவு செய்யலாம் என்று இவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி 2018இல் மணிக்கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் இங்கே மாதத்துக்கு ஒரே தொகை என்பதால் மணிகளை எண்ணுவாரே இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு 189ஆவது உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு தரச் சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அவருக்கு விடுப்பு. அன்றிரவு தாயாரைப் புரட்டிப் படுக்க வைப்பது நான். பெற்றோரைப் பராமரிக்கவென்று என் அலுவலகத்தில் தனி விடுப்பு கிடையாது என்பதால், திங்கட்கிழமை அரைத் தூக்கத்தில்தான் வேலைக்குப் போகிறேன். பணியாளருக்கு ஐந்துக்கு ஐந்து; ஏஜென்சிக்கு இரண்டு. ஞாயிறு விடுப்பை ஒப்பந்தத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கையெழுத்து இன்னும் வரவில்லை.