‘210’ என்று சொன்னால், எந்த 210 என்று கேளுங்கள்

புறக்கோட்டையில் ஹமொக்குக்கோ (இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தூங்கும் துணித் தொட்டில்) தறப்பாளுக்கோ துணி எடுக்கப் போகிறவர்கள் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். நான் 11 யார் துணிக்கு 9,350 ரூபா கொடுத்து, கித்துல்கலக் காட்டில் நடுச்சாமத்தில் தொப்பென்று விழுந்த பிறகுதான் இதெல்லாம் விளங்கியது.

கடையின் பெயர் வேண்டாம். குறுக்குத் தெருக்களில் அப்படி ஒரு கடை இல்லை, பத்து இருக்கும். காட்டில் கட்டித் தூங்க, மழைக்கு மேலே கட்ட என்று விளக்கமாகத்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு உருளையை இழுத்துப் போட்டார். “ரிப்ஸ்டொப் நைலோன் தங்கச்சி, 210. பரசூட் துணி. படுக்கவும் இதுதான், மழைக்கும் இதுதான். ரெண்டுக்கும் சேர்த்து வெட்டட்டா?”

படுக்க 4 யார், மேலே கட்ட 7 யார். வெட்டச் சொல்லிவிட்டேன்.

அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். படுக்கிற துணிக்குக் காற்றுப் போய்வர வேண்டும். மேலே கட்டுகிற துணிக்குள் தண்ணீர் புகக் கூடாது. ஒரே துணி இரண்டையும் எப்படிச் செய்யும்? அவர் தந்தது ஒரு பக்கம் பூச்சுப் பூசிய துணி. கித்துல்கலயில் படுத்து ஒரு மணித்தியாலத்தில் முதுகு நனைந்துவிட்டது. தறப்பாள் ஒழுகுகிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். மேலே ஒரு சொட்டு இல்லை, எல்லாம் என் வியர்வை.

பிறகு அந்த ‘210’. துணிக் கணக்கில் 210 ரீ (T) வேறு, 210 டி (D) வேறு. ரீ என்பது ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் நூல்களின் எண்ணிக்கை. டி என்பது டெனியர்: 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்ற நிறை, அதாவது நூலின் தடிப்பு. 210 டி என்றால் பாரமான, பை தைக்கிற துணி. 210 ரீ மெல்லிய நூலிலும் நெய்யலாம். ஜக்கெட்டுக்கு உள்ளே போடும் லைனிங் பலதும் அந்த வகைதான். கடைக்காரர் சொன்னது பொய் என்று கூட என்னால் சாதிக்க முடியாது. எழுத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ரிப்ஸ்டொப் என்றது முழுப் பொய். உண்மையான ரிப்ஸ்டொப்பில் சில மில்லிமீற்றருக்கு ஒன்றாகத் தடித்த நூல் ஓடும், கிழிசல் அதில் வந்து தடைப்படும். நகத்தால் இழுத்தால் வரம்பு தட்டுப்படும், மறுபக்கமும் கட்டம் தெரியும். என்னுடையதில் கட்டம் வெறும் அச்சு. வீட்டுக்கு வந்து ஈரப் பஞ்சில் கொஞ்சம் நெயில் பொலிஷ் றிமூவர் தொட்டுத் தேய்த்தேன், கோடு பஞ்சில் வந்துவிட்டது. அன்றிரவு ஊசி ஓட்டை ஒன்றில் தொடங்கிய கிழிசல், தடுக்க ஒன்றுமில்லாமல் இடுப்பு மட்டும் ஓடியது. முழங்கால் உயரத்தில் கட்டியிருந்ததால் தப்பினேன். நாரி நோ ஒரு கிழமை. (கயிற்றை இழுத்துக் கட்டியது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகையில் இருக்கத் தொங்கவிட்டால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் நம் நிறையளவு இழுவை; விறைப்பாகக் கட்டக் கட்ட அது ஏறும்.)

நைலோனும் இல்லை. ஒரு துண்டைக் கொளுத்தினேன், கன்னங்கரேலென்று புகை, பொலியெஸ்டர். பொலியெஸ்டர் கூடாத துணி இல்லை; தறப்பாளுக்கு நான் இப்போது அதைத்தான் சொல்வேன், நைலோன் மழையில் நனைந்து தொய்ந்துவிடும். நைலோன் என்று காசு வாங்கியதுதான் கோபம்.

பூச்சின் கதை தனி. கடையில் விரிக்கும்போதே மடிப்புகள் ‘சர்ர்’ என்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தன, ஒரு புளித்த மணமும் வந்தது. “புதுச் சரக்கு, அதுதான் பசை” என்றார். புதுசே இல்லை. பொலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் காலம் போகப் போகச் சிதையும். பழைய பள்ளிக்கூடப் பையின் உட்பக்கம் செதில் செதிலாக உரியுமே, அதேதான். நல்ல தறப்பாள் துணிக்கு சிலிக்கோன் பூசியிருப்பார்கள், அதற்கு இந்தப் பாடு இல்லை.

துணியோடு திரும்பிப் போனேன். “தைச்சதை எப்படி எடுக்கிறது தங்கச்சி?” என்று சிரித்தார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று பில்லை எடுத்தேன். அதில் இருந்தது ‘துணி 11 யார்’, அவ்வளவுதான். எதைக் காட்டி முறையிடுவது? துணியின் பெயர், டெனியர், பூச்சு மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடவுங்கள்.

படுக்கைத் துணியைக் கடையிலேயே வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் கையில் பட வேண்டும். பமுனுவவில் கார்மென்ட் மிச்சத் துணி விற்கும் கடையொன்றில் அப்படி ஊதி ஊதித்தான் பூச்சில்லாத 70 டெனியர் ரிப்ஸ்டொப் எடுத்தேன். கடைப் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள், பரவாயில்லை.

பழைய துணியின் மிச்சத்தில் அம்மா தையல் மெஷினுக்கு உறை தைத்தார். அதுவும் இப்போது மேசை முழுக்க உரிந்து கொட்டுகிறது.