விண்டோஸில் சஃபாரி சோதனை: பிளேரைட் எவ்வளவு கைகொடுக்கும்?

குற்றாலச் சீசனுக்கு கேரளத்திலிருந்து ஆரியங்காவு வழியாக வருகிறவர்கள் கையில் ஐபோன். செங்கோட்டை, தென்காசி லாட்ஜ்களுக்கு வெப்சைட் செய்கிறவர்கள் மேசையிலோ விண்டோஸ். ஐபோனின் பிரவுசரான சஃபாரி இப்போது விண்டோஸுக்கு வருவதில்லை. இந்த இடைவெளிக்கு, வெப்சைட்டைப் பல பிரவுசர்களில் தானாகத் திறந்து சோதிக்கும் பிளேரைட், மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட அருமையான இலவசக் கருவி. ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ் நிறுவி, கட்டளைத் திரையில் 'என்பிஎக்ஸ் பிளேரைட் இன்ஸ்டால்' (npx playwright install) என்று கொடுத்தால் குரோமியம் (குரோமின் அடிப்படை), ஃபயர்பாக்ஸ், வெப்கிட் (சஃபாரியின் இயந்திரம்) மூன்றும் இறங்கிவிடும்.

முன்பதிவுப் படிவத்தில் மாதம் தேர்வுசெய்யும் பெட்டி குரோமில் அழகாக விரியும்; ஃபயர்பாக்ஸில் வெறும் எழுத்துப் பெட்டியாக நிற்கும். இப்படிப்பட்டது உடனே சிக்கும். சோதனையைப் பதிவுசெய்யும் ட்ரேஸ் வசதியை இயக்கினால் ஒவ்வொரு அடியின் படமும் கிடைக்கும், அதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதிலுள்ள வெப்கிட், ஐபோன் சஃபாரி அல்ல. ஐபோனில் சுருங்கி விரியும் முகவரிப் பட்டை இதில் கிடையாது. அதனால் பக்கத்தின் உயரம் 100 விஹெச் (vh, முழுத் திரை உயரம்) என்று வைத்து, 'புக் செய்' பட்டன் பட்டைக்கு அடியில் மறைவது இங்கே தெரியாது. 100 டிவிஹெச் (dvh, பட்டைக்கேற்ப மாறும் உயரம்) என்று மாற்றுங்கள், சஃபாரி 15.4 முதல் வேலை செய்யும். 16 பிக்சலுக்குக் குறைந்த எழுத்துள்ள பெட்டியைத் தொட்டால் ஐபோன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும்; அதுவும் தெரியாது.

தமிழ், மலையாளப் பக்கங்களுக்குப் பெரிய குறை எழுத்துரு. விண்டோஸில் நிர்மலா காட்டும், ஐபோனில் வேறு. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை (மலையாளத்துக்கு நோட்டோ சான்ஸ் மலையாளம்) பக்கத்தோடு அனுப்பி, வரி உயரம் 1.6 வையுங்கள், கொம்பும் சுழியும் வெட்டுப்படாது. கடைசிச் சோதனைக்கு ஒரு பழைய ஐபோன் அவசியம் வேண்டும்.

மதிப்பெண் 5-க்கு 4.