நெயில் பாலிஷ் வைத்த லென்ஸ்

போன வாரம் என் டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவில் மாட்டினபடியே சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற லென்ஸ்) சர்வீஸ் முடிந்து சென்னையிலிருந்து வந்தது. 47 நாள், 14,200 ரூபாய். பார்சலைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது கண்ணாடியை இல்லை, பக்கவாட்டில் இருக்கிற பூட்டுத் திருகை. அதில் நான் வைத்திருந்த சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டைக் காணோம். அழுக்கு என்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரியே புதுக்கோட்டையிலிருந்து ஒரு நண்பன் போன் போட்டு, "மாப்ளே, நீ வச்சிருக்கிற மாதிரியே ஒண்ணு செகண்ட் ஹேண்டில வருது, வாங்கவா?" என்று கேட்டான். கேட்ட நேரம் அப்படி. அவனுக்குப் போனில் சொன்னது பாதி வசவு, மீதியை இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். 24 மி.மீ., எஃப் 3.5, ஃபோகஸ் கையால்தான், ஷிஃப்ட், அதாவது நகர்வு, 12 மி.மீ., டில்ட், அதாவது சாய்வு, 8.5 டிகிரி. நானும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன், மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. காரைக்குடியில் எனக்கு ஸ்டூடியோ. கல்யாணம்தான் சோறு போடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி என்று சுற்றுவது என் சொந்தப் பைத்தியம்.

வீடு எடுக்கத்தான் வாங்கினேன். செட்டிநாட்டு வீட்டு முகப்பை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னால் போக இடமே கிடைக்காது. எதிர் வீட்டு மதிலில் முதுகு ஒட்ட நின்றாலும் மேலே இருக்கிற சுதை லட்சுமி ஃப்ரேமுக்குள் வரமாட்டாள். கேமராவை அண்ணாந்து பிடித்தால் லட்சுமி வருவாள், ஆனால் வீடு மல்லாக்கச் சாய்ந்துவிடும். ஷிஃப்டில் கேமராவை நேராக வைத்துவிட்டு லென்ஸை மட்டும் பத்து மி.மீ. மேலே ஏற்றினால் போதும். ஃப்ரேமில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த ரோடு கீழே இறங்கிப் போய்விடும், தூண் தூணாகவே நிற்கும். கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டு வாட்ச்மேன் நான் செய்வதைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, அம்புட்டுப் பெரிய வீட்டை விட்டுட்டு காம்பவுண்டுச் சுவத்தையா எடுக்கிறீங்க?" என்றார். கேமரா சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது. திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேமராவையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இது ஒன்றும் புதுசு இல்லை. அப்பா காலத்துத் துருத்திக் கேமராவில் லென்ஸ் மாட்டின முன்பலகையைத் தூக்கினால் இதே வேலைதான் நடந்தது, அந்தக் கேமரா இன்னும் எங்கள் கடைப் பரணில் கிடக்கிறது. 35 மி.மீ. ஃபிலிம் வந்ததும் அந்த வசதி போயிற்று. 1960களின் தொடக்கத்தில் நிக்கான் ஷிஃப்டை மட்டும் சிறிய கேமராவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது, 1973இல் கேனன் டில்டையும் சேர்த்து ஒரே லென்ஸில் கொடுத்தது. அப்பாவிடம் என் லென்ஸ் விலையைச் சொன்னபோது பரணைத்தான் காட்டினார்.

என் கடையில் வேலை செய்கிற தம்பி, "அண்ணே, இதை சாஃப்ட்வேர்ல ஒரு இழுப்பு இழுத்தா நேராயிடுமே" என்பான். ஆகும். போனில் பார்க்கிற படத்துக்கு அதுவே ஏராளம், நானே பல தடவை அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆனால் மேலே குறுகினதை இழுத்து விரிக்கும்போது ஓரங்கள் வெட்டுப்படும், லட்சுமி முகம்தான் முதலில் நைந்துபோகும். ஆறடிக்குப் பிரிண்ட் போட்டு ஓட்டல் வரவேற்பறையில் மாட்டுகிறவருக்கு அது தெரியும். ஷிஃப்டையும் அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும். முதல் வருஷம் கிடைக்கிற வீட்டையெல்லாம் முழு 12க்கு ஏற்றி, தூக்குநூல் பிடித்தாற்போல் நிமிர்த்தி வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் மாடி முன்னால் வந்து விழுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். கண்ணுக்குக் கொஞ்சம் குறுகினால்தான் உயரமாகத் தெரிகிறது. இப்போது ஒரு பொடி சாய்வை விட்டுவைக்கிறேன்.

சரி, வாங்கின காரணம் இதுதான். ஆனால் என்னை மயக்கினது டில்ட், அதுவும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை.

ஆத்தங்குடியில் ஒரு வீட்டு வளவு, அதாவது உள்முற்றம். உட்கார்ந்த உயரத்தில் கேமராவை வைத்தால் காலடிக் கல்லிலிருந்து இரண்டாம் கட்டுக் கதவின் பித்தளை வளையம் வரைக்கும் ஒரே ஓட்டமாகத் தரை போகிறது. சாதாரண லென்ஸில் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கினாலும் முன்கல்லோ பின்கதவோ ஏதாவது ஒன்று மங்கும். டில்டில் ஃபோகஸ் தளத்தையே (தெளிவாக விழுகிற பரப்பை) தரையோடு தரையாகப் படுக்கவைத்துவிடலாம், அப்புறம் எஃப் 8 போதும். இதில் எல்லோரும் செய்கிற தப்பு, எட்டரை டிகிரி இருக்கிறதே என்று எட்டரையையும் திருகுவது. அவ்வளவு வேண்டியதே இல்லை. கேமராவுக்குள் படம் விழுகிற சென்சார் செங்குத்தாக இருக்கும்போது, லென்ஸின் 24ஐத் தரையிலிருந்து லென்ஸ் இருக்கிற உயரத்தால் (மி.மீ. கணக்கில்) வகுத்து 57ஆல் பெருக்கினால் டிகிரி வந்துவிடும். அரை மீட்டர் உயரத்துக்கு 2.7, ஒரு மீட்டருக்கு 1.4. முழு எட்டரை வேண்டுமென்றால் கேமரா தரையிலிருந்து 16 செ.மீ.யில் இருக்க வேண்டும், ஒரு சாண்கூட இல்லை. இன்னொன்று, டில்ட் போட்டபிறகு ஃபோகஸ் வளையம் பழைய வேலையைச் செய்யாது. அதைத் திருப்பினால் தளம் கிட்டே வருவதோ தள்ளிப் போவதோ இல்லை, பலகையைத் தூக்குகிற மாதிரி சாய்வு மாறும். இது கைக்குப் பிடிபட எனக்கு நாலு மாசம் ஆனது. நாலு மாசமும் லென்ஸில்தான் கோளாறு என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை அந்த வீட்டு ஆச்சியிடம் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். இந்தக் கற்கள் கண்ணாடிப் பலகை மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்வது, சூளைக்குப் போகாமல் தண்ணீரிலும் வெயிலிலும் பதப்படுவது, அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. படத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு கல்லில் பச்சைச் சாயம் கோட்டைத் தாண்டி மஞ்சளுக்குள் வழிந்திருந்தது. நான் அதுவரை கவனிக்கவே இல்லை. ஆச்சி விரலை வைத்து, "இதுவா, நான் கல்யாணமாகி வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. தினம் நாந்தானே துடைக்கிறேன்" என்றார். அந்தப் படத்துக்காக இந்த லென்ஸுக்கு எத்தனையோ குற்றத்தை மன்னிக்கலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். டில்டில் தெளிவு ஆப்பு வடிவத்தில்தான் கிடைக்கும், கேமராவுக்குப் பக்கத்தில் மெல்லிசு, தூரம் போகப்போகத் தடிப்பு. ஆகவே தரை முழுக்கத் தெளிவாக வரும், ஆனால் கிட்டே நிற்கிற பர்மா தேக்குத் தூணின் உச்சி மங்கிவிடும். தரையும் வேண்டும் தூண் தலையில் இருக்கிற போதிகையும் வேண்டும் என்றால் இந்த லென்ஸ் கைவிரித்துவிடும்.

இப்போது திருகுக் கதை. இதில் நாலு திருகு. ஷிஃப்டுக்கு ஒன்று, ஷிஃப்டைப் பூட்ட ஒன்று, டில்டுக்கு ஒன்று, டில்டைப் பூட்ட ஒன்று. இரண்டு பூட்டும் பட்டாணி அளவு, பார்க்க ஒரே மாதிரி, தடவிப் பார்த்தாலும் ஒரே மாதிரி. விரலுக்குப் பழகிவிடும் என்பீர்கள். எப்படிப் பழகும்? மேலே ஏற்றவும் பக்கவாட்டில் நகர்த்தவும் லென்ஸை அதன் இடத்திலேயே சுழற்ற வேண்டும், சுழற்றினால் இடப்பக்கம் இருந்த திருகு தலைக்கு மேல் போய்விடும். சித்திரை வெயிலில் வியர்த்த கையோடு ஷிஃப்டுப் பூட்டு என்று நினைத்து டில்டுப் பூட்டைத் தளர்த்தி, கை பட்டு ஒரு டிகிரி நகர்ந்து, அது தெரியாமலே முப்பது படம் எடுத்து, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் வீட்டின் ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் கண்ணாடி போடாத என் மாமனார் பார்க்கிற உலகம். மூன்றாவது தடவை இப்படி ஆனபிறகுதான் என் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து ஷிஃப்டுப் பூட்டில் பொட்டு வைத்தேன். அன்றிலிருந்து அந்தத் தப்பு நடக்கவில்லை. இவ்வளவு விலை வாங்குகிறவர்களுக்கு ஒரு துளி சாயம் வைக்க ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் சரி. போன தையில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம், வீடு முழுக்க சீரியல் லைட். பங்காளிகள் பல ஊரிலிருந்து வந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்த வீட்டைத் திறக்கிறார்கள், மறுநாள் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இருட்டும் வெளிச்சமும் கலக்கிற பத்து நிமிஷத்துக்காகக் காத்திருந்து, ட்ரைபாடில் வைத்து, 11 மி.மீ. ஏற்றி, பூட்டி, எட்டு எட்டு விநாடியாக எடுத்தேன். எல்லாப் படத்திலும் மாடிக் கைப்பிடிச் சுவர் இரட்டையாக விழுந்திருந்தது. பூட்டு பிடிக்கவே இல்லை. லென்ஸ் தன் பாரத்திலேயே மெல்ல மெல்ல வழுக்கி இறங்கியிருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் அது தெரியவும் இல்லை. அந்த வீட்டுக்காரருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சர்வீஸில் திறந்து பார்த்துச் சொன்ன காரணம், நகருகிற தடத்தில் கிரீஸோடு செம்மண். நம்ம ஊர் செம்மண்தான். இந்த லென்ஸில் தூசிக்கோ மழைக்கோ ரப்பர் காப்பு எதுவும் இல்லை, நகருகிற பாகம் இத்தனை இருந்தால் காப்புப் போடுவது கஷ்டம் என்பதும் நியாயம்தான். நானும் ஒழுங்கில்லை. புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவில் குதிரையை எடுக்க மாசிமகத்தன்று போனேன். அத்தனை பெரிய குதிரை, கழுத்திலிருந்து தரைவரை காகிதப்பூ மாலை, ஜனம் நடக்கிற நடையில் புழுதி முழங்கால் அளவு. அதன் தலை சிறுத்துப் போகாமல் கம்பீரமாக விழுந்த ஒரே படம் என்னிடம் இருக்கிறது. அந்தப் புழுதியில்தான் லென்ஸை இரண்டு மணி நேரம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே 14,200இல் பாதி என் கணக்கு. ஆனால் பூட்டு என்று பெயர் வைத்தால் பூட்ட வேண்டுமா இல்லையா?

பொம்மை மாதிரி படம் வருமே, அது எப்படி என்று நண்பன் கேட்டான். வரும். திருமயம் கோட்டை மேலே ஏறி, டில்டை எதிர்ப்பக்கம் முழுசாகச் சாய்த்து, எஃப் 3.5இல் கீழே ரோட்டை எடுத்தால் பஸ்ஸும் ஓட்டு வீடும் கொலுப்படியில் வைத்த மாதிரி இருக்கும். அகன்ற லென்ஸ் என்பதால் 24இல் அது கொஞ்சம் சோகைதான், 90 மி.மீ. என்றால் இன்னும் எடுப்பாக இருக்கும். முதல் தடவை என் மகள் கைதட்டினாள். அதற்கப்புறம் நானே இரண்டு தடவைக்கு மேல் எடுக்கவில்லை. போனிலேயே மேலும் கீழும் மங்கவைத்து இதைச் செய்துவிடலாம், இதற்காக யாரும் லென்ஸ் வாங்க வேண்டாம்.

லென்ஸை இடமும் வலமும் 12 மி.மீ. நகர்த்தி எடுத்த படங்களை ஒட்டினால் 60 மி.மீ. அகல சென்சார் வைத்திருந்த மாதிரி ஒரு படம் கிடைக்கும், கேமரா திரும்பாததால் கோடுகள் வளையாது. ஊரணிக் கரைக்கு அற்புதம். தூண் வரிசை கிட்டே இருந்தால் ஒட்டு பிசகும், ஏனென்றால் நகருவது லென்ஸ். லென்ஸை ட்ரைபாடில் பிடித்துக்கொண்டு கேமராவை நகர்த்துகிற பிடி ஒன்று தனியாக விற்கிறார்கள். அதற்கு வேறு தனிக் காசு.

நண்பனிடம் வாங்காதே என்று சொன்னேன். உனக்குப் பொறுமை கிடையாது, நீ எடுப்பது பறவையும் ஜல்லிக்கட்டும், இதில் ஆட்டோ ஃபோகஸ்கூட இல்லை, கெட்டுப்போனால் ஒன்றரை மாசம் கையில் இருக்காது என்று அடுக்கினேன். எல்லாம் உண்மை. "சரி, அப்ப உன்னோடதைக் கொடேன், பாதி விலைக்கு எடுத்துக்கிறேன், நீதான் அவ்வளவு கரிச்சுக் கொட்டுறியே" என்றான். அதெல்லாம் முடியாது, வர்ற ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூரில் ஒரு வீடு திறக்கிறார்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

பூட்டு இப்போது பிடிக்கிறது. நேற்று முழுசாக ஏற்றி மேஜைமேல் ராத்திரி பூராவும் விட்டுப் பார்த்தேன், அரை மி.மீ.கூட இறங்கவில்லை. மனைவியின் சிவப்பு பாட்டில் காய்ந்துபோயிருந்தது. மகளிடம் ஊதாதான் இருந்தது, அதையே வைத்துவிட்டேன்.