பழைய கம்ப்யூட்டர ஹாலுக்கு கொண்டு வரணுமா: கோடியா, ஜெல்லிஃபின்னா?

வீட்ல சும்மா கெடக்கற டெஸ்க்டாப்ப வச்சு ஹால்ல படம் பாக்க ரெண்டு வழி இருக்கு. எச்டிஎம்ஐ கேபிள் போட்டு நேரா டிவில சொருகி, கோடிங்கற (Kodi) படம் பாக்கற சாஃப்ட்வேர போடலாம். இல்லன்னா கம்ப்யூட்டர உள் ரூம்ல வச்சு ஜெல்லிஃபின்ங்கற (Jellyfin) சாஃப்ட்வேர் போட்டு, வீட்டு நெட்வொர்க் வழியா படத்த அனுப்பற சர்வரா ஓட்டி, டிவில அதோட ஆப்ல பாக்கலாம்.

ஒரே டிவின்னா எனக்கு கோடி தான். எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோலுக்காக ஆரம்பிச்சது, 2014ல தான் கோடின்னு பேர் மாத்துனாங்க. ஃபைல் அந்த டிஸ்க்லயே இருக்கறதால வைஃபை ஸ்லோவா இருந்தாலும் கவலயே இல்ல, 4கே படமும் நிக்காம ஓடும், ஆனா பிராசசர் மட்டும் பாத்துக்கோங்க, 10 பிட் எச்.265க்கு (நெறைய 4கே படம் வர்ற வீடியோ ஃபார்மட்) இன்டெல்ல 7வது ஜெனரேஷனாவது வேணும், அதுக்கும் பழசுன்னா படம் திக்கும், ஃபேன் சத்தம் தான் கேக்கும். அப்புறம் ரிமோட் தொல்லை. பெரும்பாலான கம்ப்யூட்டர்ல எச்டிஎம்ஐ சிஇசி (டிவி ரிமோட்டாலயே டிவில சொருகின மெஷினயும் ஓட்டற வசதி) கெடையாது, அதனால டிவி ரிமோட் வேல செய்யாது, டச்பேட் வச்ச சின்ன வயர்லெஸ் கீபோர்டோ போன் ஆப்போ தான் கதி.

வீட்ல அம்மா அப்பா பாக்கறதுன்னா ஜெல்லிஃபின் ரொம்ப நல்லது, பழகின ரிமோட்டே போதும். 2018 கடைசில எம்பிங்கற (Emby) இதே மாதிரி சாஃப்ட்வேர்ல இருந்து பிரிஞ்சு வந்தது, முழுசா இலவசம். ஹால்ல பாதி பாத்துட்டு மீதிய போன்ல பாக்கலாம். கம்ப்யூட்டர் ஆன்லயே இருக்கணும், அது கரண்ட் செலவு. அப்புறம் நெட்வொர்க், நெறைய டிவில லேன் போர்ட் (நெட் கேபிள் சொருகற எடம்) வேகம் 100 எம்பிபிஎஸ் (Mbps) தான், அதனால பெரிய 4கே ஃபைலுக்கு பக்கத்துல ரவுட்டர் வச்சு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல போடுங்க.