சொட்டுக் கணக்கில் உப்புநீர்க் குளம்: டெய்லர் கே-2006 சால்ட் பரிசோதனைப் பெட்டி

உப்புநீர் நீச்சல்குளம் தனக்கு வேண்டிய குளோரினைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் உப்பிலிருந்து குளோரினைப் பிரிக்கும் மின்தகடுகள் கொண்ட செல்லில் மின்பகுப்பு நடக்கும்போது எழும் ஹைட்ரஜன் குமிழிகள் நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடையும் வெளியேற்றிவிடுவதால், பிஹெச் (அமில-கார நிலை) அளவு ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கும். நாங்கள் வசிக்கும் டெக்ஸஸின் சான் அன்டோனியோவில் குழாய்நீரின் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்தின் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து வருகிறது. கோடையில் ஆவியாகும் நீர் தன் கால்சியத்தைக் குளத்திலேயே விட்டுச் செல்ல, அதை ஈடுகட்ட நாம் விடும் புதுநீர் மேலும் கால்சியத்தையும், காரத்தன்மையையும் (அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவு) கொண்டுவந்து சேர்க்கிறது. பிஹெச் ஏறிய நிலையில் இந்தக் கால்சியம் முதலில் படிவது, விலை உயர்ந்த அந்தச் செல்லின் தகடுகளில்தான். ஆகவே, இங்கே குளம் வைத்திருப்பவருக்கு நம்பகமான பரிசோதனைப் பெட்டி அவசியம் என்றே கருதுகிறேன்.

காகிதப் பட்டைகளில் நிறங்களை ஒப்பிட்டு ஏறத்தாழ ஓர் அளவை ஊகிக்கிறோம். இந்தப் பெட்டியிலோ பெரும்பாலான சோதனைகளில் சொட்டுகளை எண்ணுகிறோம். குளோரின் சோதனையில், 10 மில்லி நீரில் தூளைக் கலந்ததும் தோன்றும் இளஞ்சிவப்பு முற்றிலும் மறையும் வரை திரவத்தைச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டுக்கு 0.5 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு). அதே நீரில் தொடர்ந்து செய்யும் இரண்டாவது சோதனை, அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்த குளோரின் எவ்வளவு என்பதையும் காட்டிவிடும். காரத்தன்மைச் சோதனையில் பச்சை சிவப்பாக மாறும் இடம் தெளிவாகத் தெரிகிறது; ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம். எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தச் சோதனைதான். மியூரியாடிக் அமிலம் எனப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் காரத்தன்மையை 60 முதல் 80 பிபிஎம்முக்குள் வைத்துக்கொண்டால், பிஹெச் ஏறும் வேகம் கண்கூடாகக் குறைகிறது. பிஹெச்சுக்கு மட்டும் நிறத்தைத்தான் ஒப்பிட வேண்டும். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டியிருக்கும்போது அந்த நிறத்தை நம்பக் கூடாது.

உப்புச் சோதனைக்காகவே, சாதாரண கே-2006ஐ விட்டு இந்த வகையை வாங்கலாம். குளோரின் தயாரிக்கும் இயந்திரத்தின் திரை காட்டும் உப்பளவு மின்கடத்துத் திறனிலிருந்து கணக்கிடப்படுவது. செல் பழையதாகும்போதும் படிவு ஏறும்போதும் அது குறைத்துக் காட்டக்கூடும். அதை நம்பி உப்பு மூட்டையைக் கொட்டினால், கூடுதலான உப்பைக் குறைக்கக் குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றுவதைத் தவிர எளிய வழியில்லை. சுமார் 57,000 லிட்டர் குளத்தில் 18 கிலோ மூட்டை ஒன்று உப்பளவை ஏறக்குறைய 300 பிபிஎம் உயர்த்தும். இந்தச் சோதனையில் ஒரு சொட்டுக்கு 200 பிபிஎம் என்பதால், மூட்டைக் கணக்கை முடிவு செய்ய இந்தத் துல்லியம் போதும்.

குறைகளும் உண்டு. வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலத்துக்கான சோதனையில், கலங்கிய நீரின் அடியில் உள்ள கறுப்புப் புள்ளி எப்போது மறைகிறது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. வெளிச்சமான பகல் நேரத்தில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்ப்பது ஓரளவு உதவும். உப்புநீர்க் குளத்துக்கு 70 முதல் 80 பிபிஎம் வரை பரிந்துரைக்கப்படும் இந்த அமிலத்தின் அளவைக் கொண்டே குளோரின் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறோம் என்பதால், இதைச் சிறு குறையாக ஒதுக்க முடியவில்லை. குப்பிகளும் சிறியவை, குளோரின் திரவம்தான் முதலில் தீரும், ஆகவே அதைப் பெரிய குப்பியாகத் தனியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

குப்பியைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சொட்டினால்தான் சொட்டுகள் ஒரே அளவில் விழும். பம்பு அறையின் வெக்கையில் இந்தத் திரவங்கள் விரைவில் கெட்டுவிடும் என்பதால் பெட்டியை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். உப்புச் சோதனையில் பயன்படும் சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறை எளிதில் போகாது, அதே சோதனையில் சேரும் குரோமேட் என்ற வேதிப்பொருளோ நச்சுத்தன்மை உடையது. ஆகவே பெட்டி குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.